பூர்வ பாதைகளைத் தேடி



பிழைப்பைத் தேடி நகரங்களுக்கு வந்த நம்மில் அநேகருடைய பிள்ளைகள் இன்று ஆங்கில வழிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுடைய இலக்கணப் புத்தகத்தில் மரபுத்தொடர்களுக்கென்று ஒரு பாடம் உண்டு. அவற்றில் பாதையையும் சாலையையும் பற்றியவை மிகுதி. 'மைல்ஸ்டோன்', 'கோ தி எக்ஸ்ட்ரா மைல்', 'ஃபால் பை தி வேசைட்', 'ஸ்ட்ரெயிட் அண்ட் நேரோ' என்று வரிசையாக வரும்; ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரியில் பொருள் அச்சிடப்பட்டிருக்கும். பிள்ளை அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறது. வளர்ந்து வேலைக்குப் போனபின் அதே தொடர்களை மேலதிகாரியின் வாயிலிருந்து கேட்கிறது.

தமிழராகிய நமக்கும் வழி என்பது வெறும் மண்ணும் கல்லும் அல்ல. மழை பொய்த்து, கைக்கு வேலையில்லாமற் போன நாளில், "ஊரில் பிழைக்க வழியில்லை" என்றுதானே சொல்லிப் புறப்பட்டோம்? திருந்தியவனை "வழிக்கு வந்தான்" என்கிறோம். கைவிடப்பட்டவள் "நடுத்தெருவில் நிற்கிறேன்" என்று அழுகிறாள். ஊரில் இருக்கும் தாய் "வழிமேல் விழி வைத்து" காத்திருக்கிறாள். எந்த மொழி பேசினாலும் மனுஷன் தன் ஜீவியத்தை ஒரு நடையாகவே கண்டிருக்கிறான்.

ஆனால் ஆங்கிலத்தில் வழங்கும் இத்தொடர்களில் பல, வேதாகமத்திலிருந்து அந்த மொழிக்குள் சென்றவை. 1611இல் வெளியான ஆங்கில வேதாகமம் தலைமுறை தலைமுறையாக ஆலயத்திலும் வீட்டிலும் வாசிக்கப்பட்டதால், அதன் சொற்கள் வேதத்தையே அறியாதவர்களின் நாவிலும் தங்கிவிட்டன. ஆகவே இந்தச் சொற்களுக்கு முகவரி உண்டு. கலிலேயாவின் வயல், எரிகோவின் இறக்கம், தமஸ்குவின் தெரு, ரோமாபுரியின் நெடுஞ்சாலை என்பவையே அந்த முகவரிகள். அகராதி பொருளைச் சொல்லும், முகவரியைச் சொல்லாது. முகவரியைத் தேடிப் போகிறவனுக்கோ, அகராதி சொல்வதைவிடக் கடினமானதும் மேன்மையானதுமான பொருள் அங்கே கிடைக்கிறது. வேதப்புத்தகத்தை வழித்துணையாகக் கொண்டு அந்தச் சாலைகளில் சற்று நடந்து வருவோம், வாருங்கள்.

வயலின் நடுவே ஒற்றையடிப் பாதை

முதலாவது கலிலேயாவுக்குப் போவோம். அக்காலத்து வயல்களின் ஊடாகவே ஊராரின் நடைபாதைகள் சென்றன. கர்த்தருடைய சீஷர்கள் ஓய்வுநாளில் பயிர் வழியே நடந்து கதிர்களைக் கொய்தார்கள் என்று வாசிக்கிறோம் அல்லவா? அவ்விதமான பாதையில் நாள்தோறும் மனுஷரும் கழுதைகளும் நடந்து நடந்து, மண் இறுகிப் பாறைபோலாகிவிடும். விதைக்கிறவன் கையை வீசி விதைக்கையில் சில விதைகள் அந்த இறுகிய மண்ணின்மேல் விழும். லூக்கா 8ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையில், வழியருகே விழுந்த விதை மிதியுண்டது. பறவைகள் வந்து அதைப் பட்சித்தன.

இதிலிருந்தே 'ஃபால் பை தி வேசைட்' என்ற தொடர் பிறந்தது. தொடங்கிய காரியத்தை முடிக்காமல் பாதியிலே விட்டுவிடுவது, பின்தங்கிப்போவது என்று அகராதி பொருள் சொல்கிறது. படிப்பைப் பாதியில் நிறுத்திய வாலிபனைப்பற்றியும், சபைக்கு வராமற்போன குடும்பத்தைப்பற்றியும் அப்படிச் சொல்கிறார்கள். குறை விழுந்தவனுடையது என்பதுபோல அந்தத் தொடர் ஒலிக்கிறது.

உவமையிலோ விதையில் குறையில்லை. நல்ல நிலத்தில் விழுந்த அதே விதைதான் வழியருகேயும் விழுந்தது. நிலமும் பிறவியிலே கெட்ட நிலமல்ல. பல கால்கள் மிதித்ததால் இறுகிய நிலம் அது. நகரத்தில் வாழும் தேவபிள்ளையே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் ரயில், பகலெல்லாம் வேலை, இரவில் கையிலே கைப்பேசி. எத்தனை கால்கள் உங்கள் உள்ளத்தின்மேல் நடந்துபோகின்றன! ஞாயிறன்று கேட்ட வசனம் திங்கட்கிழமை காலையில் காணாமற்போவதற்குக் காரணம் பிரசங்கத்தின் குறைவாக மட்டும் இராது. நடைபாதையாகிப் போன வயலை மறுபடியும் உழவேண்டியதாயிருக்கிறது. பின்வாங்கிப்போன ஒரு பிள்ளையைக் காணும்போதும், "விழுந்துவிட்டான்" என்று சொல்லிக் கடந்துபோகாமல், "இவனை மிதித்த கால்கள் எவை?" என்று கேட்பது மேய்ப்பனுக்கும் பெற்றோருக்கும் உரிய கடமை.

இரண்டாம் மைல்

வயலைவிட்டு நெடுஞ்சாலைக்கு வருவோம். கர்த்தர் மலைப்பிரசங்கம் செய்த நாட்களில் அந்தத் தேசம் ரோமருடைய ஆதிக்கத்தின்கீழ் இருந்தது. மைல் என்ற சொல்லே ரோமருடையது. லத்தீனில் ஆயிரம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு எட்டுகளை ஒன்றாக எண்ணி, அப்படி ஆயிரம் எண்ணினால் ஒரு மைல். இக்கால அளவில் ஏறக்குறைய 1,480 மீட்டர்.

ரோமச் சேவகன் ஒருவன் வழியிலே போகிற யூதனை நிறுத்தி, தன் சுமையைச் சுமக்கச் சொல்ல முடியும். சொன்னால் மறுக்க முடியாது. மத்தேயு 5:41இல் பலவந்தம்பண்ணுதல் என்று பொருள்பட வரும் கிரேக்கச் சொல்லே, சிரேனே ஊரானாகிய சீமோனைச் சிலுவை சுமக்கப் பலவந்தம்பண்ணின இடத்திலும் வருகிறது. இது எத்தனை பெரிய பாரமாயிருந்தது என்பதற்குக் கல்லிலும் சாட்சி உண்டு. இன்றைய துருக்கியிலுள்ள சாகலாசோஸ் என்னும் பழம்பட்டணத்தைக் குறித்த திபேரியு இராயன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அரசாங்கத்தாருக்கு ஊரார் எத்தனை வண்டிகளும் கோவேறு கழுதைகளும் கொடுக்கவேண்டும் என்று ஆளுநர் அதிலே வரையறுத்திருக்கிறார். அத்துமீறல் இருந்தபடியினாலேயே வரையறை வேண்டியதாயிற்று.

அப்படிப்பட்ட சாலையில்தான், ஒரு மைல் பலவந்தம்பண்ணுகிறவனோடு இரண்டு மைல் போகும்படி ஆண்டவர் சொன்னார். 'கோ தி எக்ஸ்ட்ரா மைல்' என்ற தொடர் அங்கிருந்து வந்தது. இன்று அது அலுவலகங்களின் சுவரிலே தொங்குகிறது. எதிர்பார்ப்புக்கு மேலாக உழைப்பது என்று அதற்குப் பொருள்.

எங்கள் சபையின் வாலிப சகோதரன் ஒருவன் ஒருநாள் என்னிடத்தில் வந்தான். அவன் வேலை செய்யும் இடத்தில் மாதக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூலியின்றி வேலைக்கு வரச்சொல்லி, "எக்ஸ்ட்ரா மைல் போகவேண்டும்" என்கிறார்களாம். "பாஸ்டர், இது வேதத்தில் இருக்கிற வார்த்தைதானே? நான் மறுத்தால் வசனத்தை மீறினவனாவேனா?" என்று கேட்டான். அவன் கண்களில் உண்மையான கலக்கம் இருந்தது.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். அந்தச் சாலையில் முதலாம் மைல் சேவகனுடையது. அதை அவன் பிடுங்கிக்கொள்ளுகிறான். இரண்டாம் மைலோ சுமக்கிறவனுடையது. அதைக் கேட்டு வாங்க ஒருவருக்கும் அதிகாரமில்லை. கேட்டு வாங்கினால் அதுவும் முதலாம் மைலாகிவிடும். அடிமையாக நடக்கத் தொடங்கினவன், இரண்டாம் மைலில் சுயாதீனனாக நடக்கிறான். தன் சத்துருவை நேசிக்க அவன் தானே தெரிந்துகொண்டபடியால் அந்த மைல் அவனுக்குச் சொந்தமாயிற்று. எஜமானுக்கு உண்மையாய் உழையுங்கள். சோம்பலுக்கு இந்த வசனத்தில் இடமில்லை. ஆனால் கூலி கொடாமல் வேலை வாங்குவதற்கும் இந்த வசனத்தில் இடமில்லை. கூலிக்காரருடைய கூலியைப் பிடித்துவைப்பதற்கு விரோதமாக யாக்கோபு எழுதினதை வாசித்துப் பாருங்கள். அந்தச் சகோதரன் மேலதிகாரியிடம் பணிவோடு பேசி, ஆராதனைக்குரிய நேரத்தை விட்டுக்கொடுக்க இயலாது என்று தெரிவித்தான். அதே மாதத்தில், நோயுற்றிருந்த சக ஊழியன் ஒருவனுடைய இரவு வேலையைத் தானாகவே ஏற்றுச் செய்தான். அவன் நடந்த இரண்டாம் மைல் அதுவே.

எரிகோவின் இறக்கம்

இப்போது எருசலேமுக்கு ஏறி, அங்கிருந்து எரிகோவுக்கு இறங்குவோம். எருசலேம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 750 மீட்டர் மேலே. எரிகோ கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 250 மீட்டர் கீழே. 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஆயிரம் மீட்டர் இறங்குகிற வழி அது. யூதேயா வனாந்தரத்தின் மொட்டை மலைகளும் பள்ளத்தாக்குகளும் கள்ளர் ஒளிந்துகொள்ள ஏற்றவை.

கஷ்டப்படுகிறவனைக் கண்டும் காணாமற்போவதை ஆங்கிலத்தில் 'பாஸ் பை ஆன் தி அதர் சைடு' என்பார்கள். லூக்கா 10ஆம் அதிகாரத்து ஆசாரியனும் லேவியனும் கொடுத்த தொடர் அது. ஆலயத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஆசாரியன் விரைந்தான் என்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. மூல மொழியில் அவன் அந்த வழியாய் இறங்கிவந்தான் என்றிருக்கிறது. இறங்குவது எருசலேமிலிருந்து எரிகோவுக்கு. அப்படியானால் அவன் ஆலயத்தை நோக்கிப் போகவில்லை. ஆலயம் இருந்த பட்டணத்தைவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான்.

மலை வழியில் எதிர்ப்பக்கம் என்பது எத்தனை அடி தூரம் இருந்திருக்கும்? ஆராதனை முடிந்து, வேதாகமத்தைக் கையிலேந்தி, ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் இறங்குகிற நமக்கும் படியிலே கிடக்கிற மனுஷனுக்கும் இடையே அவ்வளவு தூரமே இருக்கிறது. நகரத்தில் எல்லாரையும் தூக்கிச் சுமக்க ஒருவராலும் கூடாது என்பது மெய்யே. ஆனாலும் ஒருவனையாவது நின்று பார்க்கிறவன், எதிர்ப்பக்கத்தைத் தன் நிரந்தரப் பாதையாக ஆக்கிக்கொள்ளுகிறதில்லை.

தமஸ்குவின் நேர்த்தெரு

வடக்கே திரும்பினால் தமஸ்கு. எருசலேமிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். 'ரோடு டு டமாஸ்கஸ்' என்றால் ஒருவனுடைய எண்ணம் திடீரென்று தலைகீழாக மாறுவது என்று பொருள். கட்சி மாறுகிற அரசியல்வாதிக்கும் பத்திரிகைகள் இந்தத் தொடரைப் பயன்படுத்திவிடுகின்றன.

அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரமோ சாலையோடு முடிகிறதில்லை. ஒளியைக் கண்டு விழுந்தவன் எழுந்தபோது பார்வையற்றவனாயிருந்தான். மற்றவர்கள் கைப்பிடித்து அவனைப் பட்டணத்துக்குள் கொண்டுபோனார்கள். மூன்று நாள் புசிக்காமலும் குடிக்காமலும் இருந்தான். நேர்த்தெரு என்னப்பட்ட தெருவில் யூதா என்பவனுடைய வீட்டில், அதுவரை அவனுக்குப் பயந்திருந்த அனனியா வந்து, அவன்மேல் கைகளை வைத்து, சகோதரனே என்று அழைத்தான். சாலையில் நிகழ்ந்தது ஒரு நொடி; தெருவில் நிகழ்ந்தது சபை. கண்ணீரோடு தீர்மானம் எடுத்து எழுப்புதல் கூட்டத்திலிருந்து வீடு திரும்புகிறவனுக்கு ஓர் அனனியா இல்லாவிட்டால், அவன் நிலை என்னவாகும்?

அந்தத் தெரு இன்றும் இருக்கிறது. பழைய தமஸ்குவின் குறுக்கே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு மேற்கிலிருந்து கிழக்காகச் செல்கிறது. மேற்குப் பகுதி கடைத்தெரு; கிழக்குக் கடைசியில் ரோமர் காலத்து வாசலாகிய பாப் ஷர்க்கி நிற்கிறது. அதையடுத்த பகுதியில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. 2011இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் அநேகர் தேசத்தைவிட்டுச் சிதறிப்போனார்கள். 2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமையன்று, தமஸ்குவின் துவைலா பகுதியிலுள்ள மார் எலியாஸ் ஆலயத்தில் ஆராதனை வேளையில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நம் பிள்ளைகள் பரீட்சையில் எழுதும் அந்தத் தொடரின் ஊரில், நம்முடைய சகோதர சகோதரிகள் இன்றும் விலைகொடுத்து ஆராதிக்கிறார்கள். அவர்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரோமாபுரிக்குப் போகும் வழி

'ஆல் ரோட்ஸ் லீட் டு ரோம்' என்ற பழமொழி வேதத்திலிருந்து வந்ததல்ல. 12ஆம் நூற்றாண்டிலேயே லத்தீனில் எழுதப்பட்ட கருத்து அது. எந்த வழியாய்ப் போனாலும் போய்ச்சேருமிடம் ஒன்றே என்று அதற்குப் பொருள் கொள்ளுகிறார்கள். எல்லா மார்க்கமும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்று நம்மோடு வாதிடுகிற நண்பர்களும் இதையே சொல்வதுண்டு. அவர்களோடு கோபங்கொள்ள வேண்டாம். ஆனால் சாலைகள் ரோமாபுரிக்குச் சென்றது தற்செயலல்ல. ரோமர் அவற்றைப் போட்டார்கள். சாலை எங்கே போய்ச்சேரும் என்பதை அதைப் போட்டவன் தீர்மானிக்கிறான். ஆகையால் எத்தனை சாலைகள் என்பதைவிட, எந்தச் சாலையைப் போட்டவர் யார் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அந்தச் சாலைகளில் புகழ்பெற்றது அப்பியா நெடுஞ்சாலை. கி.மு. 312இல் அப்பியு கிளவுதியு என்னும் அதிகாரி அதைத் தொடங்கினான். பெரிய கற்பாளங்கள் பாவிய அச்சாலையின் பகுதிகள் இன்றும் ரோமாபுரிக்கு வெளியே காணக்கிடக்கின்றன. இராணுவத்துக்காகப் போட்ட அந்தச் சாலை வழியாகவே, பவுல் காவலில் வைக்கப்பட்டவராய் ரோமாபுரிக்கு நடந்தார். புயலும் கப்பற்சேதமும் கண்டு, முன்பின் அறியாத மாநகரத்துக்குள் பிரவேசிக்கப்போகிற மனுஷன்! அப்போது அங்கிருந்த சகோதரர்களில் சிலர் மூன்று சத்திரம் வரைக்கும், சிலர் அப்பியு புரம் வரைக்கும் அவரை எதிர்கொண்டு வந்தார்கள். அப்பியு புரம் ரோமாபுரியிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கும் அப்பால். வாகனமில்லாத சாமானியருக்கு அது இரண்டு நாள் நடை. அவர்களைக் கண்டபோது பவுல் தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். தரிசனங்களைக் கண்ட அப்போஸ்தலனுக்கும், எதிர்கொண்டு வருகிற முகங்கள் தைரியம் கொடுத்தன.

இதை வாசிக்கும்போது, நம்முடைய சபைகளுக்கென்றே இது எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது. மும்பையில் தாதரிலும் குர்லாவிலும், டெல்லியில் நிஜாமுதீனிலும், தகரப்பெட்டியும் அரிசி மூட்டையுமாக நம்மில் எத்தனைபேர் வந்து இறங்கினோம்! அன்று நம்மை எதிர்கொண்டு வந்தவர் ஒருவர் உண்டு. அவர் தமது ஒற்றை அறையில் நமக்குப் பாய் விரித்துக் கொடுத்தார். இன்று வந்து இறங்குகிற வாலிபனை எதிர்கொள்ள யார் போகிறார்கள்? முகவரியைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வாருங்கள்" என்று சொல்வதோடு நின்றுவிடுகிறோமா? நிலையத்துக்குப் போய் நிற்பதும் ஊழியமே.

கல் சொல்லும் சாட்சி

ரோமர் தங்கள் சாலைகளில் மைலுக்கு ஒரு கல் நாட்டினார்கள். தூரத்தோடு இராயனுடைய பெயரையும் பட்டங்களையும் அதில் பொறித்தார்கள். கி.மு. 20இல் அகுஸ்து இராயன் ரோமாபுரியின் நடுவே பொன் மைல்கல் ஒன்றை நிறுத்தினான். நம் தேசத்திலும் இவ்வழக்கம் இருந்தது. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூரியும் அவருக்குப்பின் முகலாயரும் நெடுஞ்சாலையில் குரோசத்துக்கு ஒன்றாக, அதாவது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாக, செங்கல் தூண்களை எழுப்பினார்கள். கோஸ் மினார் என்று அவற்றுக்குப் பெயர். டெல்லியிலிருக்கும் வாசகர்கள் தூரம் போகவேண்டியதில்லை. விலங்கியல் பூங்காவுக்குள்ளேயே ஒன்று நிற்கிறது. பானிபட், கர்னால் பக்கம் வயல்களுக்கு நடுவிலும் அவற்றைக் காணலாம். பழைய சாலை விலகிப்போய்விட்டது. தூண் மட்டும் நிற்கிறது.

'மைல்ஸ்டோன்' என்று ஆங்கிலத்திலும், மைல்கல் என்று தமிழிலும், நாம் வாழ்வின் சாதனைகளைச் சொல்லுகிறோம். முதல் சம்பளம், சொந்த வீடு, பிள்ளையின் பட்டம் ஆகிய இவை யாவும் நமக்கு மைல்கற்கள். அவற்றில் யாருடைய பெயரைப் பொறிக்கிறோம்? சாமுவேலும் ஒரு கல்லை நாட்டினார். மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவாக நாட்டிய அந்தக் கல்லில் இராஜாவின் பெயரும் இல்லை, தம்முடைய பெயரும் இல்லை. அதுவரை உதவிசெய்த கர்த்தரை அறிக்கையிட்டு, உதவியின் கல் என்று பொருள்படும்படி எபெனேசர் என்று பேரிட்டார். நம் வீடுகளின் வாசலில் அந்தப் பெயரை எழுதி வைக்கிறோம். உள்ளே நடக்கும் பேச்சு "நான் சம்பாதித்தேன், நான் கட்டினேன்" என்றிருந்தால், அந்த எழுத்து இராயனுடைய கல்லாகவே மாறிவிடுகிறது.

நெருக்கமான வழி

கடைசியாக, நகரத்தில் வாழும் நமக்கு மிகவும் அருகான தொடருக்கு வருவோம். ஒழுக்கமாய் வாழ்வதை 'ஸ்ட்ரெயிட் அண்ட் நேரோ' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நேரானதும் குறுகியதுமான பாதை என்று இன்று எல்லாரும் எண்ணுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரே ஒலியுடைய இரண்டு சொற்கள் உண்டு. எழுத்து வேறு, பொருளும் வேறு. ஒன்று நேரானது என்று பொருள்படும். மற்றது ஒடுங்கியது, இறுகியது என்று பொருள்படும். நம் இராமேஸ்வரத்துக்கு வடக்கே இருக்கும் பாக் ஜலசந்தியை 'பாக் ஸ்ட்ரெயிட்' என்கிறார்களே, அந்தச் சொல். 1611இன் ஆங்கில வேதாகமத்தில் மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் இருப்பது இந்த இரண்டாவது சொல்லே. காலப்போக்கில் அந்தச் சொல் வழக்கொழிய, ஒலி ஒன்றாயிருந்தபடியால் நேரானது என்பது அதன் இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

தமிழ் வாசகருக்கு இந்த மயக்கம் நேரவில்லை. 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த நாள்முதல், பலருடைய உழைப்பால் செப்பனிடப்பட்டு நம் கைக்கு வந்திருக்கிற தமிழ் வேதாகமம், வாசலை இடுக்கமென்றும் வழியை நெருக்கமென்றும் சொல்லுகிறது. கிரேக்க மூலத்தில் வழியைப்பற்றி வரும் சொல் நெருக்கப்பட்டது, அழுத்தப்பட்டது என்று பொருள்படும். உபத்திரவம் என்று மற்ற இடங்களில் நாம் வாசிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. ஆகவே ஆண்டவர் காட்டியது வளைவில்லாத, ஒழுங்கான, மரியாதைக்குரிய ஒரு வீதியை மட்டுமல்ல. இருபக்கமும் நம்மை அழுத்துகிற ஒரு வழியை.

நெருக்கமான வழியைப்பற்றி நகரத்துத் தமிழனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மும்பை தாராவியில் ஒரு சாலைக்குப் பெயரே 90 அடி சாலை. ஆனால் அதிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒதுங்கி நிற்கவேண்டும். பெட்டியோடு போகிறவன் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கமுடியும். பெரிய மூட்டையை வெளியிலே வைத்துவிட்டுத்தான் சில வாசல்களுக்குள் நுழையமுடியும். இடுக்கமான வாசலுக்கு இதைவிட என்ன வியாக்கியானம் வேண்டும்? இத்தகைய சந்துகளிலிருந்து புறப்பட்டு, விசாலமான வீதிகளில் குடியேறவேண்டும் என்று நாம் பாடுபடுகிறோம், அதில் தவறில்லை. பிள்ளைகளுக்கு நல்ல காற்றும் வெளிச்சமும் வேண்டும். ஆனால் வீடு விசாலமாகும்போது வழியும் விசாலமாகிவிடுகிறதா என்பதே கேள்வி. பத்துக்குப் பத்து அறையில் முழங்கால் மோதும்படி நெருங்கியிருந்து குடும்ப ஜெபம் செய்தவர்கள், மூன்று அறைகளுள்ள வீட்டில் ஆளுக்கொரு கதவை மூடிக்கொண்டார்கள் என்றால், லாபம் எது, நஷ்டம் எது?

தமிழில் நெருக்கம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அன்பினால் கிட்டிச் சேர்ந்திருப்பதையும் நெருக்கம் என்கிறோம். இது மூலமொழியில் இல்லாத பொருள். ஆயினும் அனுபவத்தில் மெய்யானது. அகன்ற சாலையில் இருவர் தள்ளித் தள்ளி நடக்கலாம். ஒடுங்கிய சந்தில், கூட வருகிறவர் நம்மை ஒட்டியே நடக்கவேண்டும். நெருக்கத்தில் நடந்த விசுவாசிகள், தங்களோடு நடந்தவர் எத்தனை அருகில் இருந்தார் என்று சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா?

பிரியமானவர்களே, கிறிஸ்தவர்கள் என்ற பெயர் அந்தியோகியாவில் வழங்குமுன்னே, சவுல் தேடிச்சென்ற விசுவாசிகள் 'இந்த மார்க்கத்தார்' என்று குறிக்கப்படுகிறார்கள். மார்க்கம் என்றாலும் வழியே. வழியிலிருப்பவர்களைப் பிடிக்கப் போனவன், வழியிலே பிடிபட்டான். தோமா வழி தெரியவில்லை என்று சொன்னபோது, ஆண்டவர் அவனுக்கு ஒரு வரைபடத்தைக் கொடுக்கவில்லை. தம்மையே வழியாகக் கொடுத்தார். "பிழைக்க வழியில்லை" என்று சொல்லி ஊரைவிட்டு வந்த நமக்கும் அவர் அதையே கொடுத்திருக்கிறார்.

வழிகளில் நின்று பூர்வ பாதைகளை விசாரித்து, நல்ல வழியிலே நடக்கும்படி எரேமியாவின் மூலம் கர்த்தர் தம் ஜனத்தைக் கேட்டுக்கொண்டார். அதில் இளைப்பாறுதல் உண்டென்றும் வாக்களித்தார். ஜனங்களோ நடக்கமாட்டோம் என்றார்கள். அவர்களுக்கு வழி தெரியாமலில்லை, சொல்லும் தெரிந்திருந்தது. நடைதான் இல்லை.

ஆகையால் இந்த மாதத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தையும் வீட்டிலுள்ள தமிழ் வேதாகமத்தையும் குடும்ப ஜெபத்தில் அருகருகே திறந்து வையுங்கள். நாளுக்கு ஒரு தொடராக எடுத்து, பிள்ளை அதன் ஆங்கிலப் பொருளைச் சொல்லட்டும். நீங்கள் அது பிறந்த அதிகாரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து, அந்த வழியில் மறுநாள் ஓர் எட்டாவது எடுத்துவைப்பது எப்படி என்று பேசுங்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வல்லவர்களாகட்டும். அவர்கள் சொல்லும் சொற்களின் பாதையில் அவர்களுடைய கால்களும் நடக்கட்டும்.

உங்கள் போக்கிலும் வரத்திலும் கர்த்தர் தாமே உங்களோடிருப்பாராக. ஆமென்.